சமுதாயக் கல்லூரிக்கு வந்த மானியமும் அதன் கணக்கும்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

தையல் பட்டயப் பிரிவின் முன்னாள் ஒருங்கிணைப்பாளர், தஞ்சை மாவட்டம்

ஏழைப் பெண்களுக்குத் தொழில் கற்றுத்தரும் எங்கள் சமுதாயக் கல்லூரிக்கு வர வேண்டிய மானியத்தின் இரண்டாம் தவணை 2018இல் நின்றுபோனதைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. மத்திய அரசு மானியம் என்பதால் பொது நிதி விதிகளின் (ஜி.எஃப்.ஆர்.) 12-ஏ படிவத்தில், பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ், பட்டயக் கணக்காளர் கையொப்பம் எல்லாம் உண்டு. முதல் தவணையை ஒப்புதல் பெற்ற செலவுத் தலைப்புகளிலேயே செலவழித்திருந்தோம். பாஸ்புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்த கணக்காளர் ஓரிடத்தில் நின்று, பென்சிலால் ஒரு வரியைச் சுற்றி வட்டம் போட்டு, "இந்த வட்டி எங்கே போயிற்று அம்மா?" என்று கேட்டார். சேமிப்புக் கணக்கில் சேர்ந்திருந்த வட்டி 14,312 ரூபாய். அதில் ஊசியும் நூலும் வாங்கியிருந்தேன். தொலைவிலிருந்து வந்த எட்டு மாணவியருக்குப் பேருந்துக் கட்டணமும் கொடுத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருந்தேன். ஆனால் வட்டி நமக்குரியதன்று, அரசுக்கே திரும்பச் செல்ல வேண்டியது என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது.

நிர்வாகம் அந்தத் தொகையைக் கட்டியது. சான்றிதழைத் திருத்தி அனுப்பி, கடிதம் போய்க் கடிதம் வந்து, தவணை கைக்குக் கிடைக்க ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதமும் எங்கள் தையல் பயிற்றுநர் மதிப்பூதியம் இல்லாமலே வந்தார். ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் என் மேசையருகே வந்து, "மதிய இடைவேளையில் இரண்டு ரவிக்கை தைத்துக்கொள்ளட்டுமா அம்மா? மின்சாரம் செலவாகாது, மிதி இயந்திரத்திலேயே தைத்துக்கொள்கிறேன்" என்று கேட்டார். டிபன் கேரியரின் மேல்தட்டில், சோறு இருக்க வேண்டிய இடத்தில், வெட்டிய துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. சரி என்று சொன்னேன். அந்தத் துணி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

எந்திரவியல் பயிற்றுநர், கோவை

எங்களுக்கு வந்தது ஒரு நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். நிதி, அதாவது சமூகப் பொறுப்புக்காக நிறுவனங்கள் செலவிடும் நிதி. நிதியாண்டு முடிவதற்கு ஒன்பது நாள்கள் இருந்தபோது ஒப்பந்தம் கையெழுத்தாகி, மார்ச் 31க்குள் கடைசல் இயந்திரம் வந்து இறங்கிவிட்டது. எங்கள் கட்டடத்தில் மும்முனை மின்இணைப்பு இல்லை. அதற்கான தொகையைத் திட்ட மதிப்பீட்டில் கேட்டிருந்தோம். நிர்வாகச் செலவுக்கு ஐந்து விழுக்காடுதான் சட்டத்தில் உண்டு என்று சொல்லி அதை அடித்துவிட்டார்கள். இயந்திரம் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் தாழ்வாரத்திலேயே நின்றது. அக்டோபரில் ஆயுத பூஜை வந்தபோது மாணவர்கள் அதைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, வாழைக்கன்று கட்டினார்கள். ஒரு பையன் மட்டும் உலோகத் துண்டைப் பிடிக்கும் அதன் தாடையைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தான். பட்டயப் படிப்பு முடிந்து அவன் போன பிறகுதான் இணைப்பு கிடைத்தது. ஓடுகிற இயந்திரத்தில் அவன் ஒரு முறைகூடக் கை வைக்கவில்லை.

ஒரு நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். பிரிவில் பணிபுரிபவர், சென்னை

கோவை நண்பருக்கு ஒரு திருத்தம், ஏனென்றால் இந்தத் தவறான விளக்கத்தை என் துறையைச் சேர்ந்தவர்களிடமே அடிக்கடி கேட்கிறேன். 2021இல் திருத்தப்பட்ட விதிகளில் வரும் ஐந்து விழுக்காடு, நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பணிகளைப் பொதுவாக நடத்துவதற்குத் தானே செய்துகொள்ளும் நிர்வாகச் செலவுக்கான வரம்பு. குறிப்பிட்ட ஒரு திட்டத்தை வடிவமைக்கவும் நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று அந்த வரையறையிலேயே இருக்கிறது. உங்கள் மின்இணைப்பு திட்டச் செலவுதான்; கேட்டது சரி, மறுத்தது தவறு. மார்ச் மாத அவசரத்துக்கும் மாற்று வழி உண்டு. பல ஆண்டுத் திட்டமாக ஏற்கப்பட்டிருந்தால், செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்து 30 நாள்களுக்குள் தனிக் கணக்குக்கு மாற்றி, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவழிக்கலாம். அடுத்த முறை ஒப்பந்தத்திலேயே இதை எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

கணக்கு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர், மதுரை

முதலில் எழுதிய அம்மா வருந்த வேண்டாம், ஆனால் தவறு அவர்களுடையதே என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 230ஆம் விதியின் எட்டாம் உட்பிரிவு, மானியத்தில் ஈட்டிய வட்டி மத்திய அரசின் வருவாய் சேரும் இந்தியத் தொகுநிதிக்குச் செலுத்தப்பட வேண்டும் என்று கூறுகிறது. மானியத்தில் வாங்கிய இயந்திரத்தில் பயிற்றுநர் சொந்த வேலை பார்க்க அனுமதித்ததும் சரியன்று; ஒப்புதல் பெறாமல் வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தினீர்கள் என்று தணிக்கையாளர் எழுதினால் பதில் சொல்ல வழியில்லை. என் காலத்தில் ஒரு கல்லூரியில் மானியக் கணினியில் விடுதிக் கணக்கைத் தட்டச்சு செய்ததாகத் தணிக்கைக் குறிப்பு வந்து, அதற்கு நான் மூன்று முறை விளக்கம் எழுதினேன். அந்தக் கோப்பின் தடிமன் இன்னும் கையில் உணரக்கூடியதாக இருக்கிறது.

இளையவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு மானியத்துக்கும் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். கல்லூரியின் பொதுக் கணக்கில் கலந்துவிட்டால் வட்டியைப் பிரித்துக் காட்டுவதற்குள் ஆண்டு முடிந்துவிடும். வட்டி வரவு வைக்கப்பட்ட அன்றே ரொக்கப் பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதுங்கள். 2017 விதிகள் வந்தபோது 25,000 ரூபாய் வரை விலைப்புள்ளி இல்லாமல் வாங்கலாம் என்றும், அதற்கு மேல் இரண்டரை இலட்சம் வரை மூன்று உறுப்பினர் கொண்ட கொள்முதல் குழு சந்தை விலையை விசாரித்துக் கையொப்பமிட வேண்டும் என்றும் இருந்தது; ஒரு பொருளை இரண்டு ரசீதாகப் பிரித்து இந்த வரம்புக்குள் அடக்க முயலாதீர்கள், அது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டுமானால் செலவழிப்பதற்கு முன்பே எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள். தவணை தாமதமாகும் என்று எதிர்பார்த்தே, ஆறு மாத மதிப்பூதியத்துக்கு ஈடான தொகையை அறக்கட்டளையின் சொந்த நிதியிலிருந்து ஒதுக்கி வைத்த பிறகுதான் விண்ணப்பமே அனுப்ப வேண்டும்.

அருட்சகோதரி, தென்மாவட்டம்

ஆறு மாதத் தொகையை ஒதுக்கி வைக்கக்கூடிய அறக்கட்டளைக்கு மானியம் ஏன் தேவைப்படப் போகிறது ஐயா? எங்கள் கல்லூரி இரண்டு அறைகளில் நடந்தது. பள்ளியை விட்டு நின்ற பெண்கள், கணவனை இழந்தவர்கள், பீடி சுற்றிக்கொண்டிருந்தவர்கள்தான் வந்தார்கள். 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கப்பட்டபோது, இத்தகையவர்களை மனத்தில் வைத்துத்தான் அந்த எண்ணமே பிறந்தது.

வெளிநாட்டு நிதி பெறுவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப் பதிவு எங்களுக்குக் கிடையாது, பதிவு பெற்ற ஒரு பெரிய சங்கம் வெளிநாட்டு நிதியிலிருந்து ஆண்டுதோறும் எங்களுக்குப் பகிர்ந்து கொடுத்து வந்தது. அந்தச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் வந்த திருத்தம், பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதைத் தடை செய்தது. நிர்வாகச் செலவின் வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. சங்கத்தின் செயலர் தொலைபேசியில், "பணம் எங்கள் கணக்கில்தான் இருக்கிறது சிஸ்டர், ஆனால் உங்களுக்கு அனுப்ப முடியாது" என்றார். அப்போது எதிரில் செவிலியர் உதவியாளர் பிரிவு மாணவியர் மூவர், ஒரே இரத்த அழுத்தமானியை வைத்துக்கொண்டு ஒருவர் கையில் ஒருவர் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கருவியும் சங்கம் கொடுத்ததுதான். பிறகு சங்கமே நேரடியாகப் பயிற்றுநர்களை அமர்த்தி, எங்கள் கட்டடத்தைப் பயிற்சி மையமாகப் பயன்படுத்திக்கொண்டது. வகுப்பு தொடர்ந்தது, கல்லூரி என்ற பெயர்ப்பலகையைக் கழற்றினோம்.

வாகனப் பழுதுநீக்கல் பிரிவு, தூத்துக்குடி

எல்லோரும் மானியம் வந்த பிறகு நடந்ததை எழுதுகிறீர்கள். என்னை உறுத்துவது விண்ணப்பம் எழுதிய நாள்தான். தொழில்துறைப் பங்காளியின் ஒப்பந்தம் கட்டாயம் என்பதால், தெரிந்த பட்டறை முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, ஆண்டுக்கு இருபது பேரை வேலைக்கு எடுப்பார் என்று நானே நிரப்பினேன். மதிப்பீட்டுக் குழு வந்தபோது என்னிடம் சொல்லாமல் அவருடைய பட்டறைக்குப் போயிருக்கிறது. கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே அவர், "இரண்டு பேருக்கு வேலை கொடுக்க முடியும், இருபது பேருக்குப் பழக்கிக் கொடுக்க முடியும்" என்று சொன்னாராம். நாங்கள் அப்படியே திருத்தி எழுதினோம். இடங்கள் குறைந்து, மானியமும் குறைந்து வந்தது. இன்றும் அவரைப் பார்க்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை.

தையல் பட்டயப் பிரிவின் முன்னாள் ஒருங்கிணைப்பாளர், தஞ்சை மாவட்டம்

மதுரை ஐயா அவர்கள் சொன்ன விதி சரி. வட்டியில் என் அறியாமையை மறைக்கவில்லை. ஆனால் மிதி இயந்திரத்தைப் பற்றிச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. சுண்ணத்துண்டால் மேசையில் வரைந்து கை வெட்டு எடுக்கச் சொல்லிக்கொடுத்த அந்த அம்மா அன்றைக்கு வராமல் நின்றிருந்தால், முப்பத்தோரு மாணவியர் தேர்வு எழுதியிருக்க மாட்டார்கள். மானியம் எந்த நோக்கத்துக்குக் கொடுக்கப்பட்டதோ அந்த நோக்கமே நின்றுபோயிருக்கும். ஏழு மாத மதிப்பூதியத்தை ஒரே காசோலையாகக் கொடுத்தபோது, அவர் தொகையைப் பார்க்கவே இல்லை, தேதியைத்தான் பார்த்தார். வட்டிக்கடைக்கு மறுநாள் தருவதாகச் சொல்லியிருந்தாராம்.

புதிதாகப் பொறுப்பேற்றவர், திண்டுக்கல்

அம்மா, ஓர் ஐயம். எங்களிடம் இந்த ஆண்டு வட்டி 3,870 ரூபாய் சேர்ந்திருக்கிறது. அதை எந்த வழியாகச் செலுத்துவது?

தையல் பட்டயப் பிரிவின் முன்னாள் ஒருங்கிணைப்பாளர், தஞ்சை மாவட்டம்

முதலில் உங்கள் மானிய ஆணையைப் படியுங்கள். சில ஆணைகளில் மானியம் கொடுத்தவரின் கணக்குக்கே திருப்பச் சொல்லியிருப்பார்கள். அப்படி இல்லையென்றால் மத்திய அரசுக்குப் பணம் செலுத்தும் பாரத்கோஷ் இணையதளத்தில் உரிய அமைச்சகத்தைத் தேர்ந்தெடுத்துச் செலுத்தி, ரசீதை அச்செடுத்துப் பயன்பாட்டுச் சான்றிதழுடன் இணைத்து அனுப்புங்கள். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பயிற்றுநர்களுக்கு எந்த மாதம் வரை மதிப்பூதியம் கொடுத்திருக்கிறீர்கள்?