ராபர்ட் கேலோவின் ஆய்வுப் பணியை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி (நுண்ணுயிரியல் மாணவி)

அனைவருக்கும் வணக்கம். முதுகலை வகுப்புக் கருத்தரங்கில், மனித ரெட்ரோவைரஸ் (தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி அணுவின் மரபுப்பொருளில் சேர்க்கும் வைரஸ்) ஆய்வின் முன்னோடியான அமெரிக்க அறிவியலாளர் ராபர்ட் கேலோவைப் பற்றி நான் உரையாற்ற வேண்டும். எச்.ஐ.வி.யை முதலில் கண்டறிந்தவர் அவரா, பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தாரா என்ற தகராறும், 2008ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்குக் கிடைக்காமல் போனதும்தான் படிக்கும் இடமெல்லாம் பேசப்படுகின்றன. அந்தத் தகராற்றை ஒதுக்கிவிட்டால் அவருடைய பணியில் மிஞ்சுவது என்ன? நோபல் குழு அவருக்கு அநீதி இழைத்தது என்று சொல்லலாமா?

மறுமொழி 1 (முன்னாள் ஆய்வகர்)

தகராற்றை ஒதுக்கினால்தான் அவருடைய பெரிய பணியே கண்ணில் படும். எய்ட்ஸ் என்ற நோயை உலகம் அறிவதற்கு முன்பே அதன் பெரும்பகுதி முடிந்துவிட்டது. 1937இல் கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி நகரில் பிறந்த கேலோ, சிறு வயதிலேயே தங்கையை ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். மருத்துவம் படித்துவிட்டு, 1965இல் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் சேர்ந்தார். 1970இல் அறிவியலாளர்கள் டெமினும் பால்டிமோரும், ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வை உருவாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியைத் தனித்தனியே கண்டறிந்தபோது, ஒளிந்திருக்கும் ரெட்ரோவைரஸைக் காட்டிக்கொடுக்கும் தடயம் ஒன்று கிடைத்தது. கோழி, எலி, பூனை ஆகியவற்றுக்கு இத்தகைய வைரஸ்களால் புற்றுநோய் வருவது உறுதியாகியிருந்தும், மனிதரிடம் ஒன்றும் அகப்படாததால், அப்படியொரு வைரஸே இல்லை என்று பலர் தேடலைக் கைவிட்டிருந்தார்கள்.

கேலோவும் எளிதில் வெற்றி பெற்றுவிடவில்லை. ரத்தப் புற்றுநோயாளி ஒருவரின் அணுக்களில் மனித வைரஸைக் கண்டதாக 1975இல் அவருடைய குழு அறிவித்தது. எச்எல்-23 என்று பெயரிடப்பட்ட அது, குரங்கினங்களின் வைரஸ்கள் ஆய்வகத்திலேயே வளர்ப்பில் கலந்ததன் விளைவு என்று பிறகு தெரியவந்தது. பலருக்கு அத்துடன் ஆய்வு வாழ்க்கையே முடிந்திருக்கும்.

அவரை மீட்டது, என் பார்வையில், ஒரு தற்செயல். அவருடைய ஆய்வகத்தில் எலும்பு மஜ்ஜை அணுக்களை வளர்க்க முயன்ற டோரிஸ் மார்கன், தூண்டப்பட்ட வெள்ளையணுக்கள் வளர்ந்த ஊடகத்தை அவற்றுக்கு ஊட்டியபோது, எதிர்பார்த்த அணுக்கள் பெருகவில்லை. நோய் எதிர்ப்புக்கு உதவும் வெள்ளையணு வகையான டி செல்கள்தாம் பெருகின. அந்த ஊடகத்திலிருந்த வளர்ச்சிக் காரணியே இன்று நாம் இன்டர்லூக்கின்-2 என்று சொல்வது. சில நாள்களில் மடிந்துபோகும் டி செல்களை நெடுநாள் வளர்க்க முடியும் என்று மார்கன், ருஸ்செட்டி, கேலோ மூவரும் 1976இல் வெளியிட்ட கட்டுரை காட்டியது. அந்த வழியில் வந்ததுதான் எச்.டி.எல்.வி.-1 என்ற மனித டி செல் வைரஸ். தோலில் தோன்றும் டி செல் புற்றுநோய் கொண்ட ஒருவரின் அணுக்களிலிருந்து பெர்னார்ட் பொயஸ் பிரித்தெடுத்த அந்த வைரஸைப் பற்றிய அறிக்கை 1980இல் வெளிவந்தது. நோயை உண்டாக்குவதாக உறுதிப்பட்ட முதல் மனித ரெட்ரோவைரஸ் அதுவே. தென்மேற்கு ஜப்பானில் பரவலாகக் காணப்பட்ட ஒரு ரத்தப் புற்றுநோயை மருத்துவர் தகட்சுகி 1977இலேயே விவரித்திருந்தார். ஜப்பானிய ஆய்வாளர் ஹினுமாவின் குழு அதில் கண்ட வைரஸும் இதுவும் ஒன்றே என்று தெரிந்தபோது ஐயத்துக்கு இடமில்லாமல் போனது.

மறுமொழி 2 (வைரஸ் வாசகன்)

நண்பர் எழுதியதை ஏற்கிறேன். ஆனால் நோபல் குறித்த கேள்விக்கு விடை வேறு இடத்தில் இருக்கிறது. 1983 ஜனவரியில் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரு நோயாளியின் நிணநீர்க்கணு திசுவை வளர்த்த பிரான்சுவாஸ் பாரே-சினூசி, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸின் செயல்பாடு ஏறிப் பிறகு சரிவதைக் கண்டார். அணுக்கள் மடிந்துகொண்டிருந்தன. ரத்தக் கொடையாளர் ஒருவரின் வெள்ளையணுக்களை அதில் சேர்த்ததும் நொதியின் செயல்பாடு திரும்பியது. புதிய வைரஸ் அணுக்களைக் கொல்கிறது என்பதை ஏறத்தாழ நேரிலேயே பார்த்த கணம் அது. அந்த வளர்ப்புக்கு அவர்கள் பயன்படுத்தியதும் கேலோ ஆய்வகத்தில் வெளிப்பட்ட வளர்ச்சிக் காரணிதான் என்பதைக் கருத்தரங்கில் தவறாமல் குறிப்பிடுங்கள்.

நோபல் பரிசு வைரஸைக் கண்டறிந்ததற்கு வழங்கப்பட்டது; 1983 மே மாதமே பாஸ்டர் கட்டுரை வெளிவந்துவிட்டதால், அந்த அளவுகோலில் முடிவு சரியானதே. எய்ட்ஸுக்கு அந்த வைரஸே காரணம் என்பதை வலுவாக நிறுவியவை 1984 மே மாதம் கேலோ குழு வெளியிட்ட நான்கு கட்டுரைகள். 48 பேரிடமிருந்து வைரஸைப் பிரித்தெடுத்ததும், அதைப் பேரளவில் வளர்த்து ரத்தப் பரிசோதனைக்கு வழி செய்ததும் சிறிய செயல்கள் அல்ல. 1985 மார்ச்சில் அமெரிக்காவில் அப்பரிசோதனைக்கு உரிமம் கிடைத்தது. குறையும் இங்கேதான் இருக்கிறது. கேலோ வளர்த்த வைரஸ் பாரிஸிலிருந்து அனுப்பப்பட்ட மாதிரியிலிருந்து கலந்ததே என்று 1991இல் அவரே ஒப்புக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், பாரிஸிலும் ஒரு நோயாளியின் வளர்ப்பில் இன்னொருவரின் வைரஸ் முன்பே கலந்துவிட்டிருந்தது. காப்புரிமை வழக்கை 1987இல் அமெரிக்க அதிபர் ரேகனும் பிரெஞ்சுப் பிரதமர் சிராக்கும் உடன்பாடு அறிவித்து முடித்துவைத்தார்கள். கேலோ மீது சுமத்தப்பட்ட ஆய்வு நெறி மீறல் குற்றச்சாட்டு 1993இல் கைவிடப்பட்டது. எச்எல்-23இல் ஒருமுறை சூடுபட்ட ஆய்வகம் கலப்பு விஷயத்தில் இன்னும் விழிப்பாக இருந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. புதிய வைரஸை (இன்றைய எச்.ஐ.வி.யை) கேலோ எச்.டி.எல்.வி.-3 என்று அழைத்தது வெறும் பிடிவாதமா? 1984க்குப் பிறகு அவர் செய்தவற்றில் குறிப்பிடத்தக்கது எது?

மறுமொழி 3 (முன்னாள் ஆய்வகர்)

முழுக்கப் பிடிவாதம் என்று சொல்ல மாட்டேன். டி செல்களைத் தாக்குவது, ரத்தத்தாலும் பாலுறவாலும் தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுவது எனப் பல கூறுகள் எச்.டி.எல்.வி. குடும்பத்தையே சுட்டியதால், எய்ட்ஸ் ஒரு ரெட்ரோவைரஸால் வருகிறது என்ற சரியான ஊகத்தை அவர் வெகு சீக்கிரம் எட்டினார். ஆனால் எச்.டி.எல்.வி. டி செல்களைப் பெருக்குவது, எச்.ஐ.வி. அவற்றை அழிப்பது. இரண்டும் வெவ்வேறு கிளைகளைச் சேர்ந்தவை. பழைய வெற்றியே அவரைப் பழைய சட்டகத்தில் கட்டிப்போட்டது.

பிந்தைய பணிகளில் இரண்டைச் சொல்வேன். 1985இல் அவருடைய ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளாஸி வாங்-ஸ்டால் எச்.ஐ.வி.யின் மரபணுத் தொகுதியைப் படியெடுத்து, அதன் மரபணுக்கள் செயல்படும் விதத்தை ஆராய வழி திறந்தார். உங்கள் உரையில் அவருக்குத் தனி இடம் கொடுங்கள். அடுத்து, 1995இல் கேலோவும் பாவ்லோ லூசோவும் அடங்கிய குழு, நம் உடலே சுரக்கும் மூன்று கீமோகைன்கள் (வெள்ளையணுக்களை ஈர்க்கும் சிறு புரதங்கள்) எச்.ஐ.வி.யைத் தடுப்பதைக் காட்டியது. அந்தக் கீமோகைன்கள் ஒட்டும் சிசிஆர்5 என்ற ஏற்பிதான் வைரஸ் அணுவுக்குள் நுழையும் வாயில் என்று மறு ஆண்டே வேறு ஆய்வகங்கள் கண்டறிந்தன. அதை அடைக்கும் மரவிராக் மருந்துக்கு 2007இல் அனுமதி கிடைத்தது.