இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபயருடன் பவர் ஆம்ப்ளிஃபயர்: தேவையா, வீண் செலவா?

நாதப்பிரியன்:
என்னிடம் 8 ஓமில் சேனலுக்கு 50 வாட் தரும் இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபயர் (ஒலிக் கட்டுப்பாடும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பகுதியும் ஒரே பெட்டியில் உள்ளது) இருக்கிறது. ஸ்பீக்கர்கள் 4 ஓம்; உணர்திறன், அதாவது கொடுத்த மின்சாரத்துக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பது, 86 டெசிபல். மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்து கேட்கிறேன். நாதஸ்வரக் கச்சேரிப் பதிவுகளைச் சற்று உரக்க வைத்தால், தவிலின் தாழ்சுர முகமான தொப்பியில் கழி விழும் அடி கூர்மையிழந்து மழுங்கிக் கேட்கிறது. பின்புறம் பிரீ-அவுட் (பவர் பகுதிக்கு முன்பே சமிக்ஞையை வெளியே எடுக்கும் முனை) இருப்பதால், ஸ்பீக்கரை ஓட்டுவதை மட்டுமே செய்யும் 150 வாட் பவர் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கி இணைத்தால் இக்குறை தீருமா?

வால்வு ரசிகர்:
தாராளமாக இணைக்கலாம். பிரீ-அவுட்டில் வருவது வால்யூம் குமிழைக் கடந்த சமிக்ஞை என்பதால், ஒலி அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் வழக்கம்போல் பழைய கருவியிலேயே நடக்கும். ஸ்பீக்கரை ஓட்டும் சுமை மட்டும் புதியதற்கு மாறும். இது நேற்று முளைத்த யோசனை அன்று. 1978-இல் வந்த நேட் 3020 சேனலுக்கு 20 வாட் மட்டுமே தந்த எளிய கருவி. அதிலேயே பிரீ-அவுட்டும், பவர் பகுதிக்குள் சமிக்ஞை நுழையும் ‘மெயின்-இன்’ முனையும் தனித்தனியாக இருந்தன. ஒரே எச்சரிக்கை: பாட்டைப் பதிவு செய்வதற்கான ரெக்-அவுட் முனையில் மறந்தும் செருகிவிடாதீர்கள். அது வால்யூமுக்கு முன்பே பிரிந்து வருவது. பாட்டு முழு அளவில் பாய்ந்தால் ட்வீட்டர் கருகிவிடும்.

ஓம் விதி:
ஐயா சொன்ன இணைப்பு முறை சரி. வாங்கச் சொன்னதில்தான் எனக்கு உடன்பாடில்லை. 50 வாட்டிலிருந்து 150 வாட்டுக்குப் போனால் கிடைப்பது ஏறக்குறைய 4.8 டெசிபல். ஒலி இரு மடங்காகக் காதுக்குத் தோன்றவே சுமார் 10 டெசிபல் வேண்டும். முதலில் உங்கள் ஆம்ப்ளிஃபயர் உண்மையிலேயே திணறுகிறதா என்று பார்க்க வேண்டாமா?

ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு, மைனஸ் 12 டெசிபலில் (பதிவின் உச்ச அளவைவிட 12 டெசிபல் குறைவாக, அதாவது மின்னழுத்தத்தில் கால் பங்காக) பதிவான 60 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை, நீங்கள் உரக்கக் கேட்கும் அதே குமிழ் நிலையில் ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் அளந்து, வருவதை நான்கால் பெருக்குங்கள். பதிவின் உச்சத்தில் தேவைப்படும் மின்னழுத்தம் அதுதான். 8 ஓமில் 50 வாட் என்றால் 20 வோல்ட். அதைத் தாண்டாதவரை உங்கள் கருவி திணறி ஒலி அலையின் முகடுகள் வெட்டுப்படவில்லை.

நாதப்பிரியன்:
நேற்றிரவு அளந்தேன். 3.1 வோல்ட் காட்டியது.

ஓம் விதி:
அப்படியானால் 12.4 வோல்ட். 4 ஓமில் அது 38 வாட்தான். கைவசம் இருப்பதே உங்களுக்கு மிச்சம். ஸ்பீக்கர் சுவரோடு ஒட்டியிருந்தால் தாழ்சுரம் வீங்கித் தவிலை மூடும். அரை மீட்டர் முன்னால் இழுத்துப் பாருங்கள், காசு செலவில்லை. இன்னொன்று: மூன்று முனை பிளக் உள்ள இரு கருவிகளைச் சேர்த்தால், எர்த் சுற்றாகி உறுமல் கிளம்பும் தொல்லையும் வரலாம்.

வால்வு ரசிகர்:
சுமையைக் கழற்றிவிட்டு எடுத்த அளவு அது, தம்பி. மாட்டுவண்டியை ஏற்றத்தில் நிறுத்தாமலேயே மாட்டின் பலத்தைச் சொல்வதற்கு ஒப்பாகும். 4 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் சில தாழ் அதிர்வெண்களில் 3 ஓம் வரை இறங்குவது சாதாரணம், அங்கே 12.4 வோல்ட்டுக்கு 4 ஆம்பியருக்கு மேல் தேவை. டிரான்ஸ்ஃபார்மர் சிறியதாக இருந்தால், அந்தக் கணத்தில் சப்ளை தளர்ந்து 20 வோல்ட் என்ற கணக்கே சரிந்துவிடும். தவில் அடி மழுங்குவது இதனாலும் இருக்கலாம்.

ஓம் விதி:
இருக்கலாம் என்பதற்காக ஒருவரைப் பெரிய செலவுக்கு இழுப்பது நியாயமா? சுமையோடு அளக்கும்வரை அது ஊகம்தான்.

நாதப்பிரியன்:
ஸ்பீக்கரை முன்னால் இழுத்தேன். தவிலின் மறுமுகமான வலந்தலையின் சொற்கள் இப்போது பிரிந்து கேட்கின்றன. தொப்பி அடி இன்னும் கொஞ்சம் மந்தமாகவே இருக்கிறது.

வால்வு ரசிகர்:
அந்தக் கொஞ்சத்தைத்தான் நான் சொல்கிறேன். வாங்க வேண்டாம், தெரிந்தவரிடம் ஒரு வாரத்துக்கு இரவல் கேளுங்கள். ஆனால் இரண்டு கருவிகளும் சமிக்ஞையைப் பெருக்கும் அளவு ஒன்றாக இராது. ஒன்று 26 டெசிபலும் மற்றொன்று 29 டெசிபலும் என்றிருந்தால், உரத்துப் பாடுவதே உயர்ந்தது என்று காது தீர்ப்பு எழுதிவிடும். ஆகவே ஓம் விதி சொன்ன அதே மல்டிமீட்டரால் இரண்டையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, வீட்டில் யாரையாவது மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, எது எதென்று அறியாமல் கேளுங்கள்.

ஓம் விதி:
இதற்கு நானும் சம்மதிக்கிறேன். கருவியை மாற்றும்போது இரண்டையும் அணைத்துவிட்டே ஸ்பீக்கர் வயரைத் தொடுங்கள்.