மறுமொழி: டர்பிடிட்டி கரன்ட் – கலங்கலோட்டம் சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கடலடியில் மண் சரிவதற்கும், மண் கலந்து கனத்த நீர் தரையை ஒட்டி ஓடுவதற்கும் (ஆங்கிலத்தில் டர்பிடிட்டி கரன்ட்) தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில், எல்லாவற்றையும் 'கடலடிச் சரிவு' என்ற ஒரே சொல்லில் அடக்கப் பார்க்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடலியலில் 'சரிவு' என்பது ஏற்கெனவே ஓர் இடத்தின் பெயர். கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல்தரையான கண்டத்திட்டு முடிந்து தரை ஆழ்கடலை நோக்கி இறங்கும் பகுதியைக் கண்டச்சரிவு என்கிறோம். "சரிவில் சரிவு ஏற்பட்டது" என்று எழுதினால் படிப்பவர் திண்டாடிப் போவார். இலங்கையில் அன்றாடம் வழங்கும் 'மண்சரிவு' இங்கே கைகொடுக்கும். கடலடி மண்சரிவு என்றால் நடந்த நிகழ்வைச் சொல்கிறோம் என்பது உடனே விளங்கும்.

ஆனால் மண்சரிவு தொடக்கம் மட்டுமே. கட்டியாகவே இறங்கும் மண் ஓரளவு தூரத்தில் நின்றுவிடும். அதில் ஒரு பங்கு நீரோடு கலந்து, சுற்றியுள்ள நீரைவிடக் கனமாகி, தரையை ஒட்டிப் பாய ஆரம்பிக்கிறதே, அதுதான் மணலையும் வண்டலையும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோய்ப் பரப்புகிறது. ஆழ்கடல் தரையில் எங்கே மணல், எங்கே களி என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது இந்த ஓட்டம். இதற்குத் தனிச்சொல் இல்லாவிட்டால் பாதிக் கதையைத் தமிழில் சொல்லவே முடியாது.

1929 நவம்பர் 18 அன்று கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் நிலநடுக்கம் வந்தது. அதையடுத்து 12 கடலடித் தந்தி வடங்கள் அறுந்தன. நடுக்க மையத்துக்கு அருகே இருந்தவை உடனே போயின. ஆழத்தில் கிடந்தவை ஒன்றன்பின் ஒன்றாக, 13 மணி நேரத்துக்கும் மேலாக அறுந்துகொண்டே இருந்தன. நடுக்கம் ஓய்ந்த பிறகும் ஏதோ ஒன்று கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1952இல் கடலியலாளர்கள் ஹீசனும் யூயிங்கும் வடங்கள் அறுந்த நேரங்களை வைத்தே அதன் வேகத்தைக் கணக்கிட்டார்கள்.

மண்சரிவு இல்லாமலும் இந்த ஓட்டம் பிறக்கலாம். 2020 ஜனவரியில் காங்கோ ஆற்று முகத்துவாரத்திலிருந்து கடலடிப் பள்ளத்தாக்கு வழியே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடிய ஒன்றை, அதற்குச் சற்று முன்பு ஆற்றில் வந்த பெருவெள்ளத்தோடு தொடர்புபடுத்துகிறார்கள். மண்சரிவுக்கும் ஓட்டத்துக்கும் ஒரே பெயர் வைத்தால் இதை எப்படி எழுதுவது?

இந்த ஓட்டத்துக்கு என் பரிந்துரை: கலங்கலோட்டம். 'கொந்தளிப்போட்டம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். நீரின் கொந்தளிப்பு துகள்களைத் தூக்கிப் பிடிப்பது உண்மைதான். ஆனால் ஓட்டத்தை முன்னால் தள்ளுவது கலங்கலின் கனம். கொந்தளிப்பு தெளிந்த நீரிலும் உண்டு. அந்தச் சொல்லை டர்புலன்ஸுக்கு விட்டுவைப்போம்.

அது விட்டுச்செல்லும் படிவு, அதாவது டர்பிடைட், கலங்கற்படிவு ஆகட்டும். கடல்+கரை கடற்கரை ஆவதுபோல இயல்பாகப் புணர்கிறது. ஆழ்கடலில் துளையிட்டு எடுத்த மண்தூண் ஒன்றை நெடுக்காகப் பிளந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அடியில் கத்தியால் வெட்டியது போன்ற எல்லை. அதன்மேல் பருமணல், மேலே போகப்போகப் பொடிமணல், இழைஇழையான வரிகள், சிற்றலை வடிவங்கள், அப்புறம் வண்டல், களி. 1962இல் நிலவியலாளர் பவுமா இந்த வரிசையை ஐந்து பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார். அதில் மணல் பகுதி சில மணி நேரத்தில் படிந்திருக்கும். அதற்கு மேலுள்ள மெல்லிய ஆழ்கடல் களியோ ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில் சேர்ந்தது. சொல்லில் 'கலங்கல்' இருப்பதால் இந்தப் படிவு எதனால் வந்தது என்பதும் கூடவே வருகிறது.

இப்படிவுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து விரிவதே கடலடி விசிறி. இமயத்தில் அரித்த மண்ணால் ஆன வங்காள விசிறி ஏறத்தாழ 3000 கிலோமீட்டர் நீளம். 'விசிறி'யை யாரும் மறுக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

மிச்சம் இருப்பது டெப்ரி ஃப்ளோ, அதாவது சேறும் கற்களும் கலந்து கூழாக இறங்கும் ஓட்டம். 'சேற்றோட்டம்' என்று குறித்து வைத்திருக்கிறேன். சேற்றோடு பாறைத் துண்டுகளும் உருண்டு வரும்போது அந்தப் பெயர் பொருந்துமா என்று நிலவியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.