சென்னை வரும் அப்பா அம்மாவை எங்கே சாப்பிடக் கூட்டிப் போகலாம்?

அம்பாசமுத்திரம் மகள்:
ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் அடுத்த வாரம் மயிலாப்பூரில் என் வீட்டுக்கு வருகிறார்கள். அப்பாவுக்கு எந்த ஓட்டலும் பிடிக்காது. தாமிரபரணித் தண்ணீரில் வெந்ததுதான் சோறு என்பார், சாம்பார் லேசாக இனித்தாலே எழுந்துவிடுவார். அம்மாவுக்குப் பல் செட், மெத்தென்று இருக்கவேண்டும். இந்தத் தடவையாவது அவர்கள் வயிறார வெளியே சாப்பிட வேண்டும் என்று ஆசை.

பாளையங்கோட்டைத் தம்பி:
பக்கத்திலேயே ராயர் மெஸ் இருக்கிறதே அக்கா! இட்லி, பொங்கல், கெட்டிச் சட்னி. அப்பாவுக்குச் சாம்பாரே தேவைப்படாது. சின்ன இடம், காலையில் சீக்கிரம் போய்விடுங்கள்.

திருவல்லிக்கேணிவாசி:
அம்மாவுக்கு ரத்னா கஃபே. 1948லிருந்து இருக்கிற கடை. இட்லி முங்கச் சாம்பார் ஊற்றுவார்கள், மெல்லவே வேண்டாம்.

கல்லிடைக்குறிச்சி அத்தை:
காலை டிபனுக்கு வெளியே போங்கம்மா, மதியம் வேண்டாம். வெயிலில் அலைந்து, வரிசையில் நின்று சாப்பிட்டால் எதுவும் ருசிக்காது. வீட்டில் சொதி வை. காய் குழைய வேகட்டும், முதல் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்கு. இஞ்சிப் பச்சடி கட்டாயம், இல்லாவிட்டால் சொதி செரிக்காது.

அம்பாசமுத்திரம் மகள்:
சரி அத்தை. காலையில் ராயர் மெஸ், மதியம் சொதி. அப்பளம் மட்டும் ஊரிலிருந்தே கொண்டுவரச் சொல்கிறேன்.