புதுப்பிப்பு: ஊசல் சோதனையில் குண்டை ஏன் மாற்றக் கூடாது?

பிளஸ் ஒன் படிக்கும் அக்கா பையனுக்குத் தனி ஊசல் சோதனையில் எது மாறி, எது மாறிலி என்று எப்படிப் புரியவைப்பது எனக் கேட்டிருந்தேன் இல்லையா, உங்கள் பதில்களை வைத்து வீட்டிலேயே நூலில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு ஊசல் கட்டிப் பார்த்தோம்.

நாம் மாற்றுவது நீளம், அதைச் சார்ந்து மாறுவது அலைவு நேரம், அதாவது குண்டு ஒரு முறை போய்த் திரும்பி வர ஆகும் நேரம். 25 செ.மீ.க்கு ஏறக்குறைய 1 விநாடி, 100 செ.மீ.க்கு 2 விநாடி. இது வரைக்கும் சரி. சண்டையே குண்டில்தான்: "எடைக்கும் அலைவு நேரத்துக்கும் சம்பந்தமே இல்லையே, அப்புறம் எதுக்கு அதே குண்டு?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நீளத்தை முடிச்சு வரை அளப்பதில்லை, குண்டின் மையம் வரை அளக்கிறோம்; பெரிய குண்டை மாட்டினால் நூலைத் தொடாமலே நீளம் கூடிவிடும், காற்றுத் தடையும் மாறும். இழுத்துவிடும் கோணமும் அப்படித்தான். சிறிதாக இருந்தால் கவலையில்லை, 60 பாகைக்கு இழுத்தால் நேரம் சுமார் 7 சதவீதம் கூடும்.

இவையெல்லாம் நாம் பிடித்து வைப்பதால் மாறாமல் இருப்பவை. அலைவு நேரத்தின் சூத்திரத்தில் (T = 2π√(l/g)) உள்ள π (பை) எங்கே போனாலும் மாறாது. புவியீர்ப்பு முடுக்கம் (g)? ஆய்வகத்துக்குள் மாறிலிதான், ஆனால் நிலநடுக்கோட்டில் 9.78 மீ/வி², துருவத்தில் 9.83 மீ/வி². 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே பாரிஸிலிருந்து, நிலநடுக்கோட்டுக்கு அருகே தென் அமெரிக்காவில் உள்ள கயேனுக்குப் போனபோது, அங்கே ஊசல் கடிகாரம் நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது இதனால்தான்.

இனி வரைபடம் பாக்கி. அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராகக் குறிக்கச் சொல்லியிருக்கிறேன், நேர்கோடு வர வேண்டும்.