அள்ளி விழுங்கும் நாய்: உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்?

பாம்பனிலிருந்து:

எங்கள் வீட்டுச் செவலை சாப்பிடுவதைச் சாப்பாடு என்றே சொல்ல முடியாது. தட்டை வைத்துவிட்டுக் கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் காலி. ஒருநாள் செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தேன், 22 நொடி. மீன் போட்டுப் பிசைந்த சோறு, பெரிய கிண்ணம் நிறைய. அப்புறம் வெறுந்தட்டை நக்கி நக்கிச் சிமெண்டுத் தரையில் தள்ளிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டும். கதை அதோடு முடிந்தால் பரவாயில்லை. ஐந்து நிமிடத்தில் முதுகை வளைத்து ஒரு சத்தம், போட்ட சோறு போட்டபடியே வெளியே வந்து விழும். பருக்கைகூட உடைந்திருக்காது. நான் துணி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அதையும் தின்று முடித்திருக்கும்.

அது வளர்ந்த இடம் அப்படி. குட்டியாக மீன் இறங்குதளத்தில் கிடந்தது. விசைப்படகு வந்து சங்காயத்தை, அதாவது விலைபோகாத பொடிமீன் கழிவை, கொட்டும்போது காக்கை, பூனை, பெரிய நாய்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் புகுந்து, கிடைத்ததைக் கவ்விக்கொண்டு ஓட வேண்டும். நின்று மென்றால் அடுத்த நாய் பிடுங்கிவிடும். எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இங்கே பிடுங்க ஆளே இல்லை, ஆனால் அதற்கு யார் சொல்வது?

தட்டு நடுவில் கல் வைக்கச் சொன்னார்கள். வாய்க்குள் நுழையாத அளவுக்குப் பெரிய, வழவழப்பான கல்லாகப் பார்த்து வைத்தேன், சின்னதாக இருந்தால் சோற்றோடு அதுவும் உள்ளே போய்விடுமே. முதல் நாள் கல்லைச் சுற்றிச் சுற்றித் தின்றது. மூன்றாம் நாள் முன்னங்காலால் கல்லை வெளியே தள்ளியது. நாலாம் நாள் கல்லைத் தள்ளிவிட்டுத்தான் சோற்றின் பக்கமே திரும்பியது.

அப்புறம்தான் இட்லித் தட்டு. எவர்சில்வர் குழித் தட்டு, நாலில் ஒன்றை எடுத்தேன். நழுவாமலிருக்க நனைத்த சாக்கின் மேல் வைத்து, ஒவ்வொரு குழியிலும் சோற்றை விரலால் அழுத்தி அப்பிவிட்டேன். குழிக்குள் வாய் போகாது, நாக்கால் சுரண்டித்தான் எடுக்க முடியும். முதல் நாளே மூன்று நிமிடம் ஆனது. கக்குவது வாரத்துக்கு ஒரு தடவையாகக் குறைந்திருக்கிறது. என் மாமியாருக்கு இந்தத் தட்டு விஷயம் தெரியாது. முழுசாக நிறுத்த வேறு என்ன செய்யலாம்?

சாயல்குடியிலிருந்து:

அக்கா, கக்கிவிடுகிற நாய் ஒருவகையில் பிழைத்த நாய். எங்கள் பனந்தோப்பில் ராஜபாளையம் ஒன்று நிற்கிறது. (1985 வரை ராஜபாளையமும் நம்ம ராமநாதபுரம் மாவட்டம்தான், அதனால் அதை வெளியூர் நாய் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.) போன வருஷம் கோயிலில் கிடாவெட்டு. மிச்சச் சோற்றை யாரோ ஒரு சட்டியோடு அதன் முன்னால் வைத்துவிட்டார்கள். ஒரே மூச்சில் அள்ளிப் போட்டுக்கொண்டு, வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, பையன்களோடு தோப்பு முழுக்க ஓடியது.

ராத்திரி பத்து மணி இருக்கும். ஓரிடத்தில் நிற்கவில்லை, படுக்கவில்லை. ஓங்கரிக்கிறது, ஆனால் ஒன்றும் வரவில்லை, நுரையும் எச்சிலும்தான். விலா எலும்புக்குப் பின்னால் வயிறு பறை மாதிரி விம்மி நிற்கிறது, விரலால் தட்டினால் சத்தம் கேட்கிறது. என் சித்தப்பா சீரகத் தண்ணீர் கொடுக்கலாம் என்றார். நல்லவேளை, மருத்துவரைப் போனில் பிடித்தோம். வாயில் எதையும் ஊற்றாதே, உடனே வண்டியில் ஏற்று என்றார். ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய், தொண்டை வழியாகக் குழாய் விட்டுக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் அது தலையைக் கீழே வைத்தது.

வேகமாகத் தின்னும் நாய் சோற்றோடு காற்றையும் சேர்த்து விழுங்குகிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பினால் அது அப்படியே முறுக்கிக்கொள்ளவும் கூடும். முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் தடைபட்டுவிடும், அறுவை சிகிச்சைதான், அதுவும் சில மணி நேரத்துக்குள். எங்கள் நாய்க்கு முறுக்கவில்லை. 'விடியட்டும், பார்க்கலாம்' என்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

இப்போது ஒருவேளைச் சாப்பாட்டை மூன்று வேளையாகப் பிரித்துப் போடுகிறோம். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் கட்டிவைக்கிறோம். பாத்திரத்தை ஸ்டூலில் உயர்த்தி வைக்கலாமா என்று கேட்டேன், பெரிய நாய்க்கு வேண்டாம், தரையே போதும் என்றார் மருத்துவர்.

தொண்டியிலிருந்து:

பூச்சி மருந்து கொடுத்தீர்களா? எங்கள் குட்டியும் இப்படித்தான், எவ்வளவு போட்டாலும் பறக்கும், உடம்பில் மட்டும் ஒட்டாது. ஒருநாள் வாலுக்கடியில் அரிசி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்ததைப் பார்த்த பிறகுதான் நாடாப்புழு என்று தெரிந்தது. எடை பார்த்து மாத்திரை கொடுத்தார்கள், தெள்ளுப்பூச்சிக்கும் மருந்து போட்டார்கள், ஏனென்றால் அந்தப் புழு தெள்ளுப்பூச்சி மூலம்தான் வருகிறதாம். பெரிய நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். சாதாரணமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாய் திடீரென்று பறக்க ஆரம்பித்தால் தட்டை மாற்றுவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டுங்கள். இன்னொன்று, குழம்புச் சோறு போடாதீர்கள், வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது.

மண்டபத்திலிருந்து:

நான் கடையில் மேடுபள்ளமான பிளாஸ்டிக் தட்டு வாங்கினேன். பத்து நாளில் மேட்டையெல்லாம் கடித்துத் துப்பிவிட்டது. இப்போது உலர் தீனியைப் பழைய துண்டில் தூவிச் சுருட்டிக் கொடுக்கிறேன், மூக்கால் பிரித்துப் பிரித்துத் தேடித் தின்கிறது. சோற்றுக்கு இது சரிப்படாது, துண்டு நாறிவிடும்.

ஆனால் எனக்குப் பயமெல்லாம் வீட்டுச் சாப்பாட்டில் இல்லை, கரையில்தான். வலை உதறும் இடத்தில் பேத்தை மீனைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகிறார்கள். அதன் ஈரலில் இருக்கிற விஷத்துக்கு மாற்று மருந்தே கிடையாது. எங்கள் தெருவில் ஒரு நாய் அதைத் தின்றுவிட்டுப் பின்னங்கால் இழுக்க இழுக்க வந்து விழுந்ததை நானே பார்த்தேன், பிழைக்கவில்லை. இரை செருகிய தூண்டில் முள்ளும் அப்படித்தான். நிதானமான நாய் முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிடும், விழுங்குகிற நாய்க்கு அந்த நேரம் கிடையாது. அதனால் கரைக்குக் கூட்டிப்போனால் கயிறு என் கையில்தான். 'கீழே போடு' என்றால் போடுவதற்கும் பழக்கியிருக்கிறேன். வாயில் இருப்பதைப் போட்டால் வறுத்த கருவாட்டில் ஒரு துணுக்கு, உப்பை அலசியது.

தேவிபட்டினத்திலிருந்து:

தட்டெல்லாம் சரி தம்பி. நம்ம ஆட்கள் நாயைக் கெடுக்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். என் பேரன், நாய் தின்னும்போது தட்டை இழுப்பான், 'யார் பெரியவன் என்று காட்டணும் தாத்தா' என்பான். நாய் இன்னும் வேகமாக விழுங்கியது, அப்புறம் உறுமியது, ஒருநாள் அவன் கையில் பல் பட்டது. தப்பு நாயுடையதா?

நான் தலைகீழாகச் செய்தேன். நாய் தின்னும்போது தள்ளி நின்று, அவித்த மீனில் முள் எடுத்த ஒரு துண்டை அதன் தட்டுப் பக்கம் வீசிவிட்டுப் போய்விடுவேன். கிட்டே போவதில்லை, தொடுவதில்லை. ஒரு வாரத்துக்கு ஒரு எட்டு நெருங்கினேன். இரண்டு மாதத்தில் நான் வந்தால் அது தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறது, தின்பதை நிறுத்திவிட்டு! இரண்டாவது நாய்க்குக் கொல்லைப்புறம், கதவைச் சாத்தி. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே தின்றால் எந்தத் தட்டு வாங்கினாலும் வீண்.

மீண்டும் பாம்பனிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. பூச்சி மருந்து கொடுத்து நாலு மாதம் ஆகியிருக்கிறது, இந்த வாரமே கூட்டிப்போகிறேன். தாத்தா சொன்னதைச் செய்து பார்த்தேன். நான் வீசிய துண்டையும் 'லபக்' என்று விழுங்கிவிட்டு அடுத்தது எங்கே என்று பார்க்கிறது, ஆனால் பார்க்கிறது. அதுவே எங்கள் வீட்டில் புதுசு. மூன்று வேளையாகப் பிரித்ததும் நல்ல பலன், இந்தப் பதினொரு நாளில் கக்கவில்லை.

இன்னொரு கவலை வேறு இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு ஓடாது, எங்கள் வீட்டிலும் மீன் குறைந்துவிடும். போன தடைக்காலத்தில் வெறும் சோற்றைப் பார்த்து இன்னும் வெறியாகியது. இந்தத் தடவை நாட்டுப்படகில் வரும் காரல் மீனை வாங்கி அவித்து, முள்ளை நீக்கிப் பொடித்து வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

நேற்று எங்கள் வீட்டில் இட்லி. மாமியார் அடுப்படியில் நின்று தட்டுகளை எண்ணினார், திரும்பவும் எண்ணினார். செவலை வாசலில் உட்கார்ந்து குழியை நக்கிக்கொண்டிருந்தது. நான் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.