இங்கிலாந்தில் வீடு எடுக்குமுன் ஈ.பி.சி. சான்றிதழில் எதைப் பார்க்க வேண்டும்?

இங்கிலாந்தில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது, பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் அந்த வண்ணப் பட்டைகள்தான். ஈ.பி.சி. எனப்படும் ஆற்றல் திறன் சான்றிதழ் அது. 92 புள்ளியும் அதற்கு மேலும் பெற்ற வீடு ஏ தரம். 69 முதல் 80 வரை சி. 55 முதல் 68 வரை டி. 20 அல்லது அதற்கும் கீழே போனால் ஜி. பலர் இந்த எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். குளிர்காலத்தில் எவ்வளவு பில் வரும் என்பதை அறிய, அதற்குக் கீழே உள்ள வரிகளைத்தான் படிக்க வேண்டும்.

முதலில் வீட்டைச் சூடாக்குவது கேஸ் பாய்லரா, மின்சார ஹீட்டரா என்று பாருங்கள். இங்கே ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை கேஸைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. அடுத்தது சுவர். மதிப்பீடு செய்ய வருபவர் அறைகளை அளப்பார், கூரைக்கு அடியிலுள்ள லாஃப்டில் விரித்துள்ள, வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷனின் தடிமனைப் பார்ப்பார், பாய்லரின் மாடலைக் குறித்துக்கொள்வார். ஆனால் சுவரைத் துளைத்துப் பார்க்க மாட்டார். அதனால் வீடு கட்டப்பட்ட காலத்தை வைத்து "இன்சுலேஷன் இல்லை (ஊகம்)" என்று எழுதிவிடுவதும் உண்டு. லண்டனின் ஈஸ்ட் ஹாம் போன்ற இடங்களில் வரிசையாக நிற்கும் நூறாண்டுப் பழைய செங்கல் வீடுகளில் அந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

சான்றிதழில் போட்டிருக்கும் ஆண்டுச் செலவை அப்படியே நம்பிவிட வேண்டாம். காலையில் சிறிது நேரமும் மாலையிலிருந்து இரவு வரையும் மட்டுமே ஹீட்டிங் ஓடும் ஒரு பொதுவான குடும்பத்தை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு அது. ஊரிலிருந்து வந்த அம்மாவும் கைக்குழந்தையும் பகல் முழுவதும் வீட்டிலேயே இருந்தால் செலவு கூடத்தான் செய்யும். மேலும், சான்றிதழ் 10 ஆண்டுகள் செல்லும் என்பதால், 2018இல் எடுத்ததில் இருப்பது அந்த ஆண்டின் விலைவாசிதான்.

சுவரின் ஈரக்கசிவைப் பற்றி இந்தத் தாளில் ஒரு வார்த்தையும் இருக்காது. வீடு பார்க்கப் போகும்போது படுக்கையறை ஜன்னலின் மூலைகளையும் அலமாரியின் பின்புறத்தையும் எட்டிப் பாருங்கள். கரும்பூஞ்சை படிந்திருந்தால், புதுப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்ற பேச்சில் மயங்க வேண்டாம். (நம் வீட்டுச் சமையலின் ஆவி வேறு அதோடு சேரும்.)

2020 ஏப்ரல் 1 முதல், முறையாகப் பதிவு செய்த விலக்கு இருந்தாலன்றி, எஃப், ஜி தர வீடுகளை வாடகைக்கு விட இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் இடம் தருவதில்லை. மீறினால் உள்ளூர் கவுன்சிலிடம் புகார் செய்யலாம். சான்றிதழ் எடுக்கும் செலவு வீட்டுக்காரருடையது. பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறையை மட்டும் எடுப்பவருக்குத் தனியாக ஈ.பி.சி. தர வேண்டிய கட்டாயமில்லை. ஆனாலும் அரசின் இணையப் பதிவேட்டில் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால், அந்த முழு வீட்டுக்கும் முன்பு எடுத்த சான்றிதழ் இருந்தால் இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம்.